ஏறும் பரணின் கால்பட்டை: கடையில் எதை வாங்கலாம், எதைக் கையால் செய்துகொள்ளலாம்

ஏறும் பரண் என்பது வேட்டைக்காரர்கள் மரத்தில் மாட்டி, அதோடே ஏறி மேலே உட்காரும் சட்டம். அதை வாங்குகிறவர்கள் இருக்கையின் மெத்தையை அழுத்திப் பார்ப்பார்கள், தூக்கி எடை பார்ப்பார்கள், கேபிளை இழுத்துப் பார்ப்பார்கள். பாதத்தை மிதிதளத்தோடு பிணைக்கும் கால்பட்டையை யாரும் பார்ப்பதில்லை. மரத்தில் பத்தடி ஏறிய பிறகுதான் அதன் நினைப்பு வரும். அப்போது ஒரு கால் நழுவி வெளியே வந்திருக்கும், மிதிதளம் ஒரு பக்கம் சாய்ந்து தொங்கும், கை இரண்டும் மேல்சட்டத்தைப் பிடித்திருக்கும். அந்த நிலையில் குனிந்து பட்டையைச் சரிசெய்ய வழியே இல்லை.

இங்கே பேசுவது அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குத் தோளில் சுமந்துபோய், கிளையில்லாத நேர்மரத்தில் மாட்டி ஏறும் அலுமினியப் பரணைப் பற்றி. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும்போது இதற்கு வேலை கிடையாது. அமெரிக்காவில் உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகிறவர்களுக்கே இந்த மதிப்புரை. அளவு சொல்ல ஒரு பரண் வேண்டுமென்றால் சம்மிட் நிறுவனத்தின் வைப்பர் பரணை எடுத்துக்கொள்ளலாம். அலபாமா மாநிலம் டிகேட்டரைச் சேர்ந்த நிறுவனம். பரணின் எடை சுமார் 20 பவுண்டு, தாங்கும் எடை 300 பவுண்டு, 8 முதல் 20 அங்குலம் வரை விட்டமுள்ள மரத்துக்குப் பொருந்தும். அந்த 300 பவுண்டில் ஆளோடு உடுப்பு, பூட்ஸ், வில் அல்லது துப்பாக்கி, பை எல்லாம் அடக்கம். மற்ற நிறுவனங்களின் பரண்களும் அமைப்பில் இதற்கு நெருங்கியவைதான். அதனால் கீழே சொல்வது பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும்.

கால்பட்டை செய்யும் வேலை

பரணில் இரண்டு சட்டங்கள். மேலே இருக்கை, கீழே மிதிதளம். இரண்டையும் தனித்தனிக் கேபிள் மரத்தைச் சுற்றிப் பிடிக்கிறது. இருக்கையில் உட்கார்ந்து காலால் மிதிதளத்தை மேலே இழுக்க வேண்டும், அதை மிதித்து, மரத்தைத் தொடும் உள்விளிம்பில் இருக்கும் பற்களை மரப்பட்டையில் பதிய வைத்து எழுந்து நிற்க வேண்டும், பிறகு கையால் மேல்சட்டத்தை உயர்த்த வேண்டும். தமிழ்நாட்டில் தென்னை ஏற விற்கும் கருவிகளில் உட்கார்ந்து ஏறும் வகையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும், அதே ஏற்பாடுதான்.

இப்படி ஒரு முறை உட்கார்ந்து எழுவது ஒரு எட்டு. ஒரு எட்டுக்கு 12 முதல் 15 அங்குலம் ஏறலாம். 20 அடிக்கு 16 முதல் 20 எட்டு. இறங்கும்போது அதே கணக்கு. ஆக ஒரு நாள் உட்கார்ந்து எழுந்து வர, முப்பது நாற்பது முறை மிதிதளத்தைக் காலால் தூக்குகிறோம். மிதிதளத்தின் எடை நாலைந்து கிலோதான். ஒரு காலுக்கு இரண்டரைக் கிலோவுக்கு மேல் வராது. ஆளின் எடை கால்பட்டையில் விழுவதே இல்லை, அது தளத்தின் வழியாகக் கேபிளுக்கும் பற்களுக்கும் போய்விடுகிறது. இதை முதலில் மனதில் வைத்துக்கொண்டால், "4000 பவுண்டு தாங்கும் பட்டை" என்று அட்டையில் அச்சடித்து விற்பதைப் பார்த்து மயங்க வேண்டியதில்லை. கால்பட்டை அறுந்து வீணாவது அபூர்வம். பெரும்பாலும் நழுவியும், நெகிழ்ந்தும், விளிம்பில் தேய்ந்தும்தான் வீணாகிறது.

இன்னொரு வேலை இருக்கிறது, அதுதான் முக்கியம். மிதிதளத்தின் பற்கள் மரத்தில் கடித்து நிற்பது சாய்மானத்தால். வெளிவிளிம்பில் எடை விழும்போது உள்பக்கம் பற்கள் மரத்தை அழுத்துகின்றன, மறுபக்கம் கேபிள் மரத்தை இழுக்கிறது. இந்தக் கடியை விடுவிக்க, தளத்தின் வெளிவிளிம்பை மேலே எழுப்ப வேண்டும். ஏறும்போது ஆள் மரத்தைப் பார்த்து நிற்கிறார், விரல் மரத்தின் பக்கம், குதிகால் வெளிப்பக்கம். விரலால் தளத்தைக் கீழே அழுத்திக்கொண்டே புறங்காலால் பட்டையை மேலே இழுத்தால் வெளிவிளிம்பு எழும்பும், கடி விடும். அழுத்தும் இடத்துக்கும் இழுக்கும் இடத்துக்கும் நடுவே இருக்கும் எட்டுப் பத்து சென்டிமீட்டர்தான் நெம்புகோல்.

விரல்மேல் மட்டும் ஒரு வார் போட்டிருந்தால் இந்த நெம்புகோல் கிடைக்காது. குதிகால் தூக்கும், தளம் அசையாது. அல்லது நேராக மேலே இழுபட்டு ஒரு பல் மட்டும் கடித்துக்கொண்டு மாட்டும். பட்டையை எங்கே வைத்திருக்கிறார்கள், குதிகாலுக்குப் பின்னால் ஏதாவது பிடிப்பு இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகள் போதும், கடையில் நிற்கும்போதே பாதிப் பொருளைத் தள்ளிவிடலாம். வார் புறங்காலின் மேல், லேஸ் கட்டும் இடத்தில் விழ வேண்டும். குதிகாலுக்குப் பின்னால் கால் பின்வாங்காமல் தடுக்கும் ஒரு இழுவை வேண்டும். பனையேறிகளின் தளைநார் இரண்டு பாதத்தையும் ஒன்றாகக் கட்டி மரத்தோடு அழுத்துகிறது. இங்கே அதன் வேலையைப் பற்கள் பார்க்கின்றன, பாதத்தைத் தளத்தோடு ஒட்டவைப்பது மட்டும்தான் பட்டையின் பொறுப்பு.

பரணோடு வரும் பட்டை

பரணோடு வருவது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. தளத்தில் தைத்த ஒரு அங்குல நைலான் வளையம், அல்லது மெல்லிய ரப்பர் வளையம்.

நைலான் வளையத்தில் என்ன தவறு என்றால் அது நனைந்தால் நீள்கிறது. நைலான் தண்ணீரைக் குடிக்கும் நூல். காலையில் காய்ந்த பட்டையை இறுக்கி ஏறினால், பனியில் நனைந்து மாலையில் இறங்கும்போது அது ஒரு விரல் அகலத்துக்குத் தளர்ந்திருக்கும். உறைபனி விழுந்தால் கம்பிபோல் விறைத்துக் கால் நுழையவே மறுக்கும். பாலியெஸ்டர் வார் அப்படி இல்லை, அது உறிஞ்சும் ஈரம் அரை சதவீதத்துக்கும் குறைவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். வாங்கும்போது கேட்டே வாங்க வேண்டும். பாலிப்ரோப்பிலீன் என்று எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள், வெயிலில் ஒரே பருவத்தில் நூல்நூலாக உதிரும்.

ரப்பர் வளையம் புதிதில் நன்றாகவே வேலை செய்யும். பிரச்சினை வயதில். இயற்கை ரப்பர் வெயிலாலும் காற்றில் இருக்கும் ஓசோனாலும் வெடிக்கிறது, அதுவும் இழுத்து மாட்டிய நிலையில் வைத்திருந்தால் சீக்கிரமே. கட்டைவிரலை அடியில் கொடுத்து வளையத்தை மடக்கிப் பாருங்கள். மடிப்பில் மயிரிழை மாதிரி குறுக்குக் கோடுகள் தெரிந்தால் அந்தப் பருவத்திலேயே மாற்றிவிட வேண்டும். அறுகிற நேரம் எப்போதும் இழுக்கிற நேரம்தான், அதாவது மரத்தின்மேல்.

கோடைக்கால பூட்ஸுக்கு அளவெடுத்த பட்டை டிசம்பரில் உதவாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சதுர மீட்டருக்கு 1000 கிராம் கணக்கில் குளிர்காப்பு அடுக்கு போட்ட குளிர்கால ரப்பர் பூட்ஸ் சாதாரண லெதர் பூட்ஸைவிடப் பாதத்தின் அகலமான முன்பகுதியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் அகலம் கூட, உயரமும் கூட. சரிசெய்ய முடியாத வளையம் என்றால் ஏதாவது ஒரு பருவத்துக்குத்தான் பொருந்தும்.

மாற்றாக விற்பவை

முதலில் அங்கவடி வகை. புறங்காலுக்கு ஒரு வார், அதோடு குதிகாலைச் சுற்றிவரும் தடித்த ரப்பர் பட்டை, இரண்டும் ஒரே துண்டாகவோ சேர்த்துத் தைத்தோ வரும். சம்மிட் தன் பரண்களில் பயன்படுத்துவது இந்த மாதிரிதான். மற்ற பரண்களுக்குப் பொருந்தும்படியும் பலர் செய்து விற்கிறார்கள். காலை நுழைத்துவிட்டு, ரப்பரைக் குதிகாலுக்குப் பின்னால் இழுத்து மாட்டினால் முடிந்தது. பக்கிள் இல்லை, சத்தம் இல்லை. கழற்றும்போது மறுகாலின் முனையால் ரப்பரைக் கீழே தட்டினால் போதும், குனிய வேண்டாம். கடையில் வாங்கித்தான் தீருவேன் என்கிறவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுவே. வாங்கும்போது ரப்பர் எந்த வகை என்று பாருங்கள். இபிடிஎம் (EPDM) என்ற செயற்கை ரப்பர் என்றால் ஓசோனுக்கு அசையாது, கடுங்குளிரிலும் நெகிழ்வு போகாது. வெறும் "ரப்பர்" என்று மட்டும் போட்டிருந்தால் இரண்டு பருவத்துக்கு மேல் நம்ப வேண்டாம்.

அடுத்தது ராட்செட் வகை. பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸை மாட்டும் பல்வைத்த பிளாஸ்டிக் பட்டையை அப்படியே பரணுக்குக் கொண்டுவந்தது. பிடிமானத்தில் இதை அடிக்க ஒன்றும் இல்லை, தளம் பாதத்தோடு ஒட்டிப் பிறந்ததுபோல் வரும். அதைப் பிடித்தவர்கள் வேறு எதற்கும் மாற மாட்டார்கள், அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. ஆனாலும் எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை. ஒவ்வொரு பல்லும் "டிக்" என்று சத்தம் போடும், நவம்பர் காலையின் அமைதியில் அது தூரத்துக்குக் கேட்கும். உறைமழையில் பற்களுக்கு நடுவே பனிக்கட்டி அடைந்தால் நெம்புகோல் எழும்பாது. தடித்த கையுறையோடு கழற்ற முடியாது. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பாதத்தை அது விடாது. மிதிதளம் சறுக்கிக் கீழே போனால், அல்லது ஆள் விழுந்து பாதுகாப்பு வாரில் தொங்கினால், அந்தத் தளமும் காலோடு தொங்கும். இரண்டு கையாலும் குனிந்து கழற்ற வேண்டிய எதையும் உயரத்தில் காலில் கட்டக் கூடாது.

வெல்க்ரோ வகையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பிய்க்கும் சத்தம் ஒன்றே போதும். சேறும் புல்விதையும் ஏறிய பிறகு ஒட்டவும் ஒட்டாது.

பங்கீ என்னும் நெகிழும் ரப்பர் கயிற்றைச் சிலர் கட்டிக்கொள்கிறார்கள், விலை குறைவு என்று. கால் பத்து சென்டிமீட்டர் உயர்ந்தால் கயிறு ஐந்து சென்டிமீட்டர் நீண்டுவிடும், தளம் மிச்சத்துக்குத்தான் வரும். ஏறும் உழைப்பு இரு மடங்காகிறது. கடி திடீரென விட்டால் தளம் துள்ளி முழங்காலில் அடிக்கவும் செய்யும். குதிகால் பிடிப்புக்கு நெகிழ்வு வேண்டும். புறங்கால் வாருக்கு நெகிழ்வு துளியும் கூடாது. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் எந்தப் புதுச் சரக்கு வந்தாலும் எடைபோட்டுவிடலாம்.

கையால் செய்வது

எங்கள் கணிப்பில் இவை எல்லாவற்றையும்விட நன்றாக வேலை செய்வது ஒரு மணி நேரத்தில் வீட்டிலேயே கட்டிவிடக் கூடிய ஒன்று. கடையில் ஒரு ஜோடிக்குக் கொடுப்பதைவிடச் செலவும் குறைவு.

வேண்டியவை: 25 மில்லிமீட்டர் அகலப் பாலியெஸ்டர் வார் 4 மீட்டர், லேடர்லாக் பக்கிள் (வாரின் வாலை இழுத்தால் இறுகும் வகை) மூன்று, அதில் ஒன்று உபரி, சிறிய ட்ரைகிளைட் (வாரைக் கோத்துப் பூட்டும் மூன்று கம்பிச் சட்டம்) எட்டு, தார்ப்பாய் கட்டும் இபிடிஎம் ரப்பர் பட்டை 15 அங்குல நீளத்தில் இரண்டு, பழைய சைக்கிள் டியூப் ஒரு முழம், 4 மி.மீ. கயிறு ஒரு மீட்டர். ரப்பர் பட்டை லாரிக்காரர்களுக்கான கடையில் இரும்புக் கொக்கியோடு கிடைக்கும், கொக்கியைக் கழற்றி எறிந்துவிடுங்கள், முனையில் இருக்கும் துளை மட்டும் நமக்குத் தேவை. பக்கிள் அசிட்டால் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மலிவான பிளாஸ்டிக் உறைபனியில் கடலைமிட்டாய் மாதிரி உடையும். உலோகப் பக்கிள் உடையாது, ஆனால் அலுமினியத்தில் பட்டால் மணியடிக்கும்.

முதலில் அளவு. உங்களிடம் இருப்பதிலேயே அகலமான பூட்ஸைப் போட்டுக்கொண்டு மிதிதளத்தைத் தரையில் வைத்து மேலே நில்லுங்கள். விரல்முனைக்கும் மரம் வரும் இடத்துக்கும் நடுவே 5 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு எட்டிலும் பூட்ஸ் மரப்பட்டையை உரசும். இரண்டு பாதத்தின் நடுக்கோடுகளுக்கு இடையே 25 முதல் 30 செ.மீ. இருக்கட்டும். இதைவிட நெருக்கினால் தளம் பக்கவாட்டில் ஆடும். பிறகு விரல்முனையிலிருந்து 12 முதல் 14 செ.மீ. பின்னால், பூட்ஸின் இரு புறமும் தளத்தின் குறுக்குப் பட்டியில் பென்சிலால் குறியிடுங்கள். இந்த இரண்டு குறிகளுக்கு நடுவே பூட்ஸின் அகலத்தோடு ஒரு சென்டிமீட்டர் கூட்டி விட்டால் போதும்.

குறுக்குப் பட்டியின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெட்டிய அலுமினியத்தின் பிசிறு கத்திபோல் இருக்கும். நேர்த்தியான வாரையும் அறுப்பது இதுதான், முப்பது நாற்பது எட்டு ஏறி இறங்கும்போது வார் அந்த விளிம்பில் ரம்பம்போல் முன்னும் பின்னும் ஓடுகிறது. அரத்தால் விளிம்பை மழுக்கி, வார் சுற்றும் இடத்தில் சைக்கிள் டியூபை உறைபோல் போடுங்கள். துளைபோட நினைக்கவே வேண்டாம். சட்டத்தின் குழாயில் போடும் ஒரு கால் அங்குலத் துளை அந்த இடத்தின் வலுவைக் குறைக்கிறது, விரிசல் தொடங்குவது அங்கேதான், நிறுவனத்தின் உத்தரவாதமும் அதோடு போய்விடும். ஏற்கனவே இருக்கும் போல்ட்டைக் கழற்றி அதோடு பட்டையை மாட்டுவதும் சரியில்லை. அந்தப் போல்ட் எந்த நீளத்துக்கு, எந்த இறுக்கத்துக்குக் கணக்கிட்டதோ அது மாறிவிடுகிறது.

வாரைச் சூடான கத்தியால் வெட்டுங்கள், அல்லது வெட்டிய முனையைத் தீயில் காட்டி உருக்கி ஒட்டவையுங்கள். ஒரு காலுக்கு 30 செ.மீ. துண்டு ஒன்று, 60 செ.மீ. துண்டு ஒன்று, 30 செ.மீ. துண்டு இரண்டு. முதல் 30 செ.மீ. துண்டின் ஒரு முனையைப் பாதத்தின் உட்புறக் குறியில் பட்டியைச் சுற்றி ட்ரைகிளைட்டால் பூட்டுங்கள், மறுமுனையில் லேடர்லாக் பக்கிளைக் கோத்து மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். 60 செ.மீ. துண்டு வெளிப்புறக் குறியில் அதே மாதிரி பூட்டி, புறங்கால்மேல் வந்து பக்கிளில் நுழையும். பக்கிள் பாதத்தின் மேல்பகுதியில் விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள், பக்கவாட்டில் வந்தால் தளத்தில் இடித்துச் சத்தம் கேட்கும். தையலுக்குப் பாலியெஸ்டர் நூல், சதுரமும் உள்ளே குறுக்குக் கோடுமாகப் பெட்டித் தையல். பருத்தி நூல் ஒரு மழைக்காலத்தில் அழுகிவிடும்.

மிச்சமிருக்கும் இரண்டு 30 செ.மீ. துண்டுகளும் குதிகால் ரப்பரின் கால்கள். ஒவ்வொன்றையும் ரப்பரின் ஒரு துளையில் கோத்து மடித்துத் தையுங்கள், மறுமுனையைப் புறங்கால் வாரின் அதே குறிகளில் பட்டியைச் சுற்றிப் பூட்டுங்கள். பூட்ஸ் போட்ட காலுக்குப் பின்னால் ரப்பர் இழுபடும்போது அதன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் சரியான இறுக்கம். அதைவிடக் கூடினால் கணுக்கால் வலிக்கும், கையால் மாட்டவும் முடியாது. குறைந்தால் குதிகாலிலிருந்து தானாக நழுவும். ட்ரைகிளைட்டில் தள்ளித் தள்ளி இந்த நீளத்தைப் பிடித்த பிறகு வாரின் வாலை ஒரு முறை திருப்பிக் கோத்து விடுங்கள், பிறகு அசையாது.

கடைசியாக ஒரு சிறு சேர்க்கை. ரப்பரின் நடுவில் 4 மி.மீ. கயிற்றை ஒரு முடிச்சு போட்டு, முழங்கால் உயரம் வருமாறு 40 செ.மீ. விட்டு, நுனியில் ஒரு வளையம் கட்டுங்கள். மரத்தின்மேல் உட்கார்ந்தபடி காலை நுழைத்துவிட்டு இந்தக் கயிற்றைப் பின்னால் இழுத்தால் ரப்பர் குதிகாலில் ஏறி உட்காரும். குனிய வேண்டாம், பாதுகாப்பு வாரைத் தளர்த்த வேண்டாம். மாலை இருட்டில், விரல் மரத்துப்போன நேரத்தில் இந்த ஒரு கயிற்றின் அருமை தெரியும். கயிற்று நுனியை ஏறும்போது பூட்ஸின் மேல்விளிம்பில் செருகிக்கொள்ளுங்கள், தொங்கவிட்டால் கேபிளில் சிக்கும்.

புறங்கால் வாரின் நீளத்தை ஒரு முறை பூட்ஸுக்குப் பொருத்திவிட்டால் பிறகு பக்கிளைத் தொடவே வேண்டியதில்லை. கால் உள்ளே நழுவி நுழைய வேண்டும், மேலே தூக்கினால் ஒரு விரலுக்கு மேல் இடைவெளி தெரியக் கூடாது. பக்கிள் பருவம் மாறி பூட்ஸ் மாறும்போது மட்டும் வேலைக்கு வரும். மற்ற நேரத்தில் மாட்டுவதும் கழற்றுவதும் குதிகால் ரப்பரின் பொறுப்பு. இப்படி வேலையைப் பிரித்ததால்தான் இது சத்தமில்லாமல் இயங்குகிறது.

மரத்தில் சோதிப்பது

புதுப் பட்டையோடு நேராகக் காட்டுக்குப் போகாதீர்கள். வீட்டருகே ஒரு நேர்மரத்தில், மிதிதளம் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் போகாமல், பத்து முறை ஏறி இறங்குங்கள். தரையிலிருந்தே முழு உடல் பாதுகாப்பு வார் போட்டிருக்க வேண்டும். இடுப்பு பெல்ட் மட்டும் போதாது, விழுந்தால் அதுவே மூச்சை நிறுத்தும்.

சோதிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். குதிகாலைத் தூக்கிய கணத்திலேயே தளத்தின் வெளிவிளிம்பு எழ வேண்டும். தாமதித்து எழுந்தால் புறங்கால் வார் தளர்வு, அல்லது மிகவும் முன்னால் இருக்கிறது. தளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்தால் இரண்டு வாரும் ஒரே நீளத்தில் இல்லை. பாதம் பின்வாங்கி விரல் வாரின் அடியில் வந்தால் குதிகால் ரப்பர் போதவில்லை. ஒவ்வொன்றுக்கும் இடம் தெரிந்துவிட்டால் சரிசெய்ய இரண்டு நிமிடம்.

பட்டையைக் குறைசொல்லும் முன் சாய்மானத்தையும் பார்க்க வேண்டும். மரம் மேலே போகப்போக மெலிகிறது, அதனால் தளம் மேலே போகும்போது வெளிவிளிம்பு தாழும். தரையில் தொடங்கும்போதே வெளிவிளிம்பு சற்று உயர்ந்து இருக்கும்படி கேபிளை மாட்ட வேண்டும். தரையில் மட்டமாக மாட்டியவர் பதினைந்து அடியில் முன்புறம் சரிந்த தளத்தில் நிற்பார், கால்பட்டை எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாதம் வெளியே வழுக்கும். மரமும் முக்கியம். ஜார்ஜியா, அலபாமா, கரோலைனா பக்கம் லாப்லாலி பைன் மரத்தின் தடித்த பட்டையில் பற்கள் நன்றாகக் கடிக்கும். செதில் செதிலாக உரியும் ஷேக்பார்க் ஹிக்கரியில் பல் கடித்த செதிலே கழன்று வரும். பனி படிந்த வழுவழுப்பான பீச் மரத்தில் எதை மாட்டினாலும் நம்ப முடியாது. பட்ட மரத்தில் ஏறவே கூடாது.

இரு சட்டங்களையும் கட்டும் கயிறு

பட்டையை எவ்வளவு மேம்படுத்தினாலும் அதன்மேல் மட்டும் உயிரை வைக்கக் கூடாது. 1970களில் ஒற்றைத் தளத்தை மட்டும் காலில் கட்டி, மரத்தைக் கையால் கட்டிப்பிடித்து ஏறிய காலம் ஒன்று இருந்தது. தளம் சறுக்கினால் ஆளும் மரத்தோடு உரசிக்கொண்டு கீழே வருவார். இன்றைய இரட்டைச் சட்டத்தில் அந்த ஆபத்து குறைந்திருக்கிறது, போகவில்லை. இரண்டு காலும் வெளியே வந்த நேரத்தில் தளம் மரத்தடிக்குப் போய்விட்டால், ஆள் இருபது அடியில் இருக்கையோடு மாட்டிக்கொள்வார்.

அதற்காகத்தான் மேல்சட்டத்தையும் கீழ்ச்சட்டத்தையும் இணைக்கும் கயிறு பரணோடு வருகிறது. பலர் அதை அவிழ்த்துப் பையில் போட்டுவிடுகிறார்கள். தொலைந்திருந்தால் 8 மி.மீ. கயிறு வாங்கி இரு பக்கமும் கட்டுங்கள். தளம் நழுவினாலும் காலுக்கு எட்டும் தூரத்தில் நிற்கும் நீளம், ஒரு எட்டு ஏறத் தடையில்லாத நீளம், இரண்டுக்கும் நடுவில் பிடிக்க வேண்டும். வேட்டைக்கு உட்காரும் உயரம் வந்ததும் இந்தக் கயிற்றை இழுத்து இறுக்கிவிடலாம். எழுந்து நின்று எடை மாறும்போது தளம் தளராமல் இருக்கும்.

பாதுகாப்பு வாரின் இணைப்புக் கயிறு மரத்தைச் சுற்றிய கயிற்றில் ப்ரூசிக் முடிச்சோடு (எடை விழுந்தால் இறுகும், தளர்த்தினால் நகரும் முடிச்சு) தலைக்கு மேலேயே இருக்கட்டும், ஒவ்வொரு எட்டுக்கும் அதை நகர்த்துங்கள். உட்கார்ந்த நிலையில் அதில் தொய்வு இருக்கக் கூடாது. விழுந்து தொங்க நேர்ந்தால் தொடையை இறுக்கும் வார்கள் இரத்த ஓட்டத்தைத் தடுக்கும், சில நிமிடங்களிலேயே நிலைமை மோசமாகும். அதனால் காலை ஊன்றி எடையைத் தளர்த்தும் மிதிவார் ஒன்று எட்டும் பையில் இருக்க வேண்டும். குதிகால் ரப்பர் ஒரே தட்டில் விடவேண்டும் என்று மேலே வற்புறுத்தியது இதற்காகவும்தான். நாலைந்து கிலோ தளம் காலில் தொங்கும்போது எந்த மிதிவாரிலும் பாதத்தை நுழைக்க முடியாது.

உயரம் வந்து உட்கார்ந்த பிறகு இரண்டு ரப்பரையும் கழற்றி, கயிற்று வளையத்தோடு சேர்த்துத் தளத்தின் வெளியோரத்தில் படுக்க வைத்துவிடுங்கள். மான் வரும் கணத்தில் எழுந்து திரும்பும்போது காலில் தடுக்குவது பெரும்பாலும் இந்தத் தளர்ந்த வளையம்தான். புறங்கால் வாரிலிருந்தும் பாதத்தை எடுத்துவிட்டே உட்கார வேண்டும்.

பருவம் முடிந்த பிறகு

வீட்டுக்கு வந்ததும் வாரைக் கழற்றி வெதுவெதுப்பான தண்ணீரில் வெறும் சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வியர்வை உப்பு ஏறிய வாரை அணில் கடிக்கும், எலி கடிக்கும். கொட்டகைச் சுவரில் பரணைச் சாத்தி வைத்தவர்கள் வசந்தத்தில் பாதி வாரைத்தான் பார்ப்பார்கள். மூடி போட்ட தகர டப்பாவில் வைத்தால் பிரச்சினை இல்லை. ரப்பரை இழுத்து மாட்டிய நிலையில் வைக்காதீர்கள், ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள்.

ஆகஸ்டில் எடுத்துப் பார்க்கும்போது, டியூப் உறையை விலக்கி வார் பட்டியைச் சுற்றும் இடத்தை நகத்தால் சுரண்டுங்கள். நூல் பஞ்சுபோல் எழுந்து நகத்தில் ஒட்டினால் வார் போய்விட்டது, புதிதாக வெட்டுங்கள். நிறம் வெளுத்திருந்தாலும் அதே. பெட்டித் தையலின் மூலையில் ஒரு நூல் அறுந்திருந்தால் முழுவதையும் பிரித்துத் தையுங்கள். பக்கிளை ஒரு முறை மடக்கி விரித்துப் பாருங்கள், வெண்கோடு தெரிந்தால் விரிசல் தொடங்கிவிட்டது. 4 மீட்டர் வார் வாங்கச் சொன்னதில் ஒரு துண்டு மிஞ்சும். அதில் 60 செ.மீ. ஒன்றை ஒரு பக்கிளோடு சேர்த்துச் சுருட்டி வேட்டைப் பையின் வெளிப்பையில் போட்டு வையுங்கள். காட்டில் வார் ஒன்று போனால் ஏறும் முன் மரத்தடியிலேயே மாற்றிவிடலாம்.